மூக்கண்டப்பள்ளி டூ பெங்களூர்: ஒரே நாளில் ஒரு ‘பழைய கடை’ உலா!

மூக்கண்டப்பள்ளியில் அதிகாலை என்பது சேவல் கூவும் நேரம் இல்லை; ஷிப்ட் மாறும் நேரம். இரவு வேலை முடித்தவர்கள் கண்ணைக் கசக்கியபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். காலை வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸைப் பார்த்தபடி அவசரமாக டீயை ஊதிக் குடிப்பார்கள். ஒருவர் தமிழில் டீ கேட்பார், அடுத்தவர் தெலுங்கில் வடை கேட்பார், மூன்றாமவர் கன்னடத்தில் பாக்கிச் சில்லறை கேட்பார். இப்போது இந்தியும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் நால்வருக்கும் அவரவர் மொழியிலேயே பதில் சொல்வார். அதற்கு அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று நின்றே கற்றுக்கொண்டது அது.

ஓசூர் மாநகராட்சிக்குள் இருக்கும் இந்தப் பகுதி, 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு உருமாறியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய பெயர்கள் ஓசூருக்கு வர வர, வேலை தேடி வந்தவர்களுக்காகக் கடைகளும் வந்தன. அதனால் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் நூறு வருடக் கடையைத் தேடினால் கிடைக்காது. இங்கே ‘ரொம்பப் பழைய கடை’ என்றாலே நாற்பது, நாற்பத்தைந்து வயதுதான்.

ஆனால், இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது பெங்களூர். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, மால் சுற்றிப் பார்க்க என்று ஓசூர்க்காரர்கள் அந்த ஊருக்குப் போகாத வாரம் இல்லை. ஐ.டி. கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி அதே ஊருக்குள் தாத்தா காலத்துக் கடைகள் இன்னும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவற்றுக்காக ஒதுக்கினால் என்ன?

டிராஃபிக் இல்லாத வழி

முன்பெல்லாம் பெங்களூருக்குள் போவதென்றாலே எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலை நினைத்துத் தலைவலி வரும். 2025 ஆகஸ்ட்டில் ‘நம்ம மெட்ரோ’வின் மஞ்சள் வழித்தடம் திறந்தபின் அந்தக் கவலை பாதியாகக் குறைந்துவிட்டது. ஓசூரிலிருந்து பஸ் ஏறி, அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினால் மெட்ரோ ஸ்டேஷன். அங்கிருந்து ஆர்.வி. ரோடு வரை சுமார் 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை என்று பழைய பெங்களூர் வரிசையாக வரும்.

முதலில் இறங்க வேண்டியது நேஷனல் காலேஜ்.

மாணவர்களுக்காக ஒரு தோசை

பசவனகுடி, காந்தி பஜார். பூக்கடை, பழக்கடை, பூஜைச் சாமான் கடைகளுக்கு நடுவில் ‘வித்யார்த்தி பவன்’. 1943ல் தொடங்கியது. பெயரே சொல்கிறது, சுற்றியிருந்த பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காகத் திறந்த கடை. மாணவர்கள் தாத்தாக்கள் ஆகி, பேரன்களைக் கூட்டிவந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது சர்வரின் கை. தோசைத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒற்றைக் கையில் ஏந்தி, மேஜைகளுக்கு நடுவே வளைந்து வருவார். செல்போனை எடுக்காதவர்கள் குறைவு.

தோசை நம் ஊர் நெய் ரோஸ்ட் மாதிரி காகிதமாக இருக்காது. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. கனமாக, நெய் மணத்தோடு இருக்கும். கூடவே சட்னி. ‘சாம்பார் எங்கே?’ என்று தேடும் தமிழ் நாக்குக்கு முதல் இரண்டு வாய் ஏமாற்றம். மூன்றாவது வாயில் பழகிவிடும்.

சுவரெல்லாம் கன்னட எழுத்தாளர்களின் ஓவியங்கள். இந்தப் பேட்டை ஒரு காலத்தில் இலக்கியப் பேட்டை. டி.வி. குண்டப்பா பெயரில் இங்கே ஒரு சாலையே இருக்கிறது. ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வாழ்ந்தது பக்கத்தில் உள்ள கவிபுரத்தில். கன்னடத்தில் எழுதிப் புகழ்பெற்ற மாஸ்தியின் வீட்டு மொழி தமிழ் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சங்கரபுரம். 1965ல் தொடங்கிய ‘பிராமின்ஸ் காபி பார்’ இங்கே இருக்கிறது. இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ. மெனு அவ்வளவுதான். இங்கேயும் சாம்பார் கிடையாது, சட்னி மட்டும். தட்டை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றபடிதான் சாப்பிட வேண்டும். காரில் வந்தவரும் ஆட்டோ ஓட்டி வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அதே சட்னிக்குத் தட்டை நீட்டுவார்கள். ஐம்பது பக்க மெனு கார்டு வைத்திருக்கும் ஓட்டல்கள் இரண்டே வருடத்தில் காணாமல் போகும் ஊரில், ஐந்தாறு அயிட்டத்தோடு ஒரு கடை அறுபது வருடம் தாண்டி நிற்கிறது. தெரிந்ததை மட்டும் செய். அதைத் தினமும் ஒரே மாதிரி செய். இதைவிடப் பெரிய வியாபார ரகசியம் எதுவும் அங்கே தெரியவில்லை.

(ஒரே காலையில் எத்தனை டிபன்தான் சாப்பிடுவது என்று பயப்பட வேண்டாம். குடும்பமாகப் போனால் ஒரு கடைக்கு இரண்டு தட்டு. பங்கு போட்டால் எல்லாமே ருசி பார்க்கலாம்.)

போர் கொடுத்த ரவா இட்லி

அடுத்து ஓர் ஆட்டோ பிடித்தால் லால்பாக் சாலை. எம்.டி.ஆர். என்று உலகம் முழுக்கத் தெரிந்த மூன்றெழுத்தின் வீடு இது. மாவள்ளி டிபன் ரூம் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். மாவள்ளி என்பது லால்பாக்கை ஒட்டிய பகுதி.

கடலோரக் கர்நாடகத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924ல் தொடங்கிய சிறிய கடை. அவர்களில் யக்ஞநாராயண மையா 1951ல் ஐரோப்பா போனார். அங்கே உணவகங்களில் பார்த்த சுத்தம் அவர் மனதில் பதிந்துவிட்டது. திரும்பி வந்து, பாத்திரம் கழுவுவதிலிருந்து சமையலறை வரை எல்லாவற்றையும் மாற்றினார். 1960ல் கடை இப்போதைய லால்பாக் சாலை இடத்துக்கு வந்தது.

தமிழ்நாட்டு வீடுகளிலும் புகுந்துவிட்ட ரவா இட்லி பிறந்தது இங்கேதான் என்கிறது எம்.டி.ஆர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அரிசி இல்லாமல் இட்லி சுட முடியுமா என்று ரவையை வைத்து முயன்று பார்த்தார்கள். மேலே முந்திரி, பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, ஒரு கிண்ணத்தில் நெய். பஞ்சத்துக்குப் பிறந்த பண்டம், இன்று விருந்துப் பண்டம்.

அதைவிடப் பெரிய சோதனை எமர்ஜென்சியில் வந்தது. 1975ல் ஓட்டல் பண்டங்களின் விலையைக் குறைக்கச் சொல்லி உத்தரவு. அந்த விலைக்கு விற்றால் தரத்தைக் குறைக்க வேண்டும், தரத்தைக் குறைக்காவிட்டால் நஷ்டம். எம்.டி.ஆர். ஓட்டலை மூடியது. ஆனால் வேலையாட்களை அனுப்பிவிடவில்லை. மசாலாப் பொடிகளும், ரவா இட்லி மாதிரி உடனடி மிக்ஸ்களும் தயாரிக்கும் வேலைக்கு அவர்களைத் திருப்பியது. மளிகைக் கடையில் நாம் பார்க்கும் எம்.டி.ஆர். பாக்கெட்டுக்கு அதுதான் ஆரம்பம். அந்தப் பாக்கெட் வியாபாரம் 2007ல் நார்வே நாட்டின் ஓர்க்லா நிறுவனத்தின் கைக்குப் போனது. ஓட்டல் மட்டும் மையா குடும்பத்திடமே இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் காபி வரும், வெள்ளி டம்ளரில். அந்த டம்ளருக்காகவே போகலாம்.

நம் தெருவில் தொங்கும் அந்த போர்டு

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஒரு போர்டு தென்படும்: ‘பெங்களூர் ஐயங்கார் பேக்கரி’. ஐயங்காருக்கும் கேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

விடை சிக்பேட்டையில் இருக்கிறது. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர், 1898ல் அங்கே ஓர் இனிப்புக் கடை வைத்தார். கடைக்கு வந்துபோன ஓர் ஆங்கிலேயர் அவருக்கு ரொட்டி சுடும் வித்தையைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். முட்டை சேர்க்காத ரொட்டியும் பன்னும் அங்கே வெந்தன. வெளியில் ரொட்டி வாங்கத் தயங்கிய சைவக் குடும்பங்களும் தைரியமாக வாங்கின. பின்னால் அவருடைய ஊர்க்காரர்களும் உறவுக்காரர்களும் தெருவுக்கொன்றாக பேக்கரி திறந்தார்கள். ஹாசன் பக்கத்து ஹெப்பார் ஐயங்கார்கள், ராமானுஜர் மேல்கோட்டைக்கு வந்த காலத்தோடு தங்கள் வரலாற்றை இணைத்துப் பேசுபவர்கள். வீட்டில் இன்றும் கன்னடம் கலந்த ஒரு தமிழ் பேசுகிறார்கள்.

அந்த வழியில் வந்த பழைய கடையைப் பார்க்க வேண்டுமானால் வி.வி.புரத்துக்குப் போக வேண்டும். 1953ல் தொடங்கிய ‘வி.பி. பேக்கரி’ அங்கே இருக்கிறது. காரா பன், தில்பசந்த், தேன் பூசிய ஹனி கேக், ரஸ்க். அப்புறம் ‘காங்கிரஸ் கடலேக்காயி’. கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிய வறுத்த நிலக்கடலைதான். கடலை இரண்டாகப் பிளந்திருக்கும். 1969ல் காங்கிரஸ் கட்சி இரண்டாகப் பிளந்தபோது யாரோ கிண்டலாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். கட்சி எத்தனையோ மாற்றம் கண்டுவிட்டது. கடலையின் பெயர் மாறவில்லை!

சிக்பேட்டைக்குப் போவதும் சுலபம். மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது. 1537ல் கெம்பே கவுடா ஊரை அமைத்தபோது உருவான பேட்டைகள் இந்தப் பகுதியில்தான். அரிசிக்கு அக்கிபேட்டை, வளையலுக்குப் பளேபேட்டை, பருத்திக்கு அரளேபேட்டை என்று தெருப்பெயரே கடை போர்டு. ஓசூர்ப் பக்கத்துக் கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சிக்பேட்டைப் பட்டுக் கடைகளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் புடவையை விரித்துப் போடுவார்கள். ‘எடுக்கலேன்னாலும் பரவாயில்லம்மா, பாருங்க’ என்று தமிழிலேயே சொல்வார்கள். எதையும் எடுக்காமல் எழுந்து வருவது மட்டும் அசாத்தியம்.

நின்றவையும் மறைந்தவையும்

மாலையில் மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தடத்துக்கு மாறி எம்.ஜி. ரோடு. மெட்ரோ பாலத்துக்கு எதிரே வெள்ளையாக நிற்கும் பழைய கட்டடம் ‘ஹிக்கின்பாதம்ஸ்’ புத்தகக் கடை. 1844ல் சென்னையில் பிறந்த கடையின் பெங்களூர்க் கிளை, 1905லிருந்து இங்கே. பிரிகேட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக்குள் 1945ல் தொடங்கிய ‘செலக்ட்’ பழைய புத்தகக் கடை. செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் 1952 முதல் ‘கோஷீஸ்’. ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினாலும் முகம் சுளிக்காத இடம்.

ஆனால் இதே வட்டாரத்தில்தான் ஒரு வலியும் இருக்கிறது.

காபி போர்டு நடத்திய காபி ஹவுஸ்கள் 1950களில் மூடப்பட்டபோது, வேலை இழந்த ஊழியர்களை ஏ.கே. கோபாலன் ஒன்று சேர்த்தார். அவர்களே முதலாளிகளாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957ல் பெங்களூரில் பிறந்தது. எம்.ஜி. ரோட்டில் இருந்த ‘இந்தியா காபி ஹவுஸ்’ அவர்களுடையது. தலைப்பாகை கட்டிய சர்வர்கள், பீங்கான் கோப்பை, ஆறிப்போகும்வரை அரட்டை. 2009ல் இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. கடை சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது. காபி அதே காபிதான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே எம்.ஜி. ரோடு இல்லை.

அதே 2009ல் மூடியது ‘பிரீமியர்’ புத்தகக் கடை. 1971ல் டி.எஸ். ஷான்பாக் தொடங்கியது. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்குத்தான் இடம். தரையிலிருந்து மேலே வரை புத்தகக் கோபுரங்கள். எந்தப் புத்தகம் எந்தக் கோபுரத்தில் எத்தனையாவது என்று ஷான்பாக்குக்கு மட்டும் தெரியும். கம்ப்யூட்டர் கிடையாது. கேட்காமலே விலையைக் குறைத்துக்கொடுப்பார். குத்தகை முடிந்தபோது கடையும் முடிந்தது. 2021ல் அவர் கொரோனாவால் மறைந்தபோது, ஊரே தன் சொந்தக்காரரை இழந்ததுபோல் எழுதியது, பேசியது.

கூட்டம் குறைந்து மூடிய கடைகள் அல்ல இவை. சென்னைக்காரர்களுக்கு இது புரியும். 2008ல் மூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலிலும் கூட்டம் குறையவே இல்லை. காலடியில் இருந்த நிலம் அவர்களுடையது இல்லை. அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்கா அழகுதான். ஆனாலும் அந்தப் பக்கம் போகும் பெரியவர்கள், ‘இங்கதான் காருக்குள்ளயே தட்டு மாட்டிக் கொடுப்பாங்க’ என்று பேரனிடம் சொல்லாமல் கடப்பதில்லை.

இத்தாலியில் என்ன செய்கிறார்கள்?

பழைய கடைகளுக்குப் பெயர்போன நாடு இத்தாலி. டூரின் நகரில் 1763ல் திறந்த ‘அல் பிச்செரின்’ என்ற சிறிய கடையில் காபி, சாக்லேட், பாலாடை மூன்றையும் அடுக்கடுக்காக ஊற்றிய பானத்தை இன்றும் தருகிறார்கள். மிலான் நகராட்சி, ஒரே தொழிலை 50 வருடத்துக்கு மேல் செய்யும் கடைகளுக்கு ‘வரலாற்றுக் கடை’ என்ற அங்கீகாரம் கொடுத்துப் பதிவேட்டில் சேர்க்கிறது.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. ரோமில் 1760ல் தொடங்கிய ‘காஃபே கிரேக்கோ’வின் குத்தகை 2017ல் முடிந்தது. கட்டட உரிமையாளர் வாடகையைப் பல மடங்கு கேட்க, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. இருநூற்றைம்பது வயதுக் கடைக்கும் மாத வாடகைதான் எமன். ஆனாலும், ‘இது வெறும் கடை இல்லை, ஊரின் சொத்து’ என்று அரசாங்கமே சொல்லும் பழக்கம் அங்கே இருக்கிறது. நாம் கோயிலுக்கும் கோட்டைக்கும் அப்படிச் சொல்கிறோம். கடைக்குச் சொல்வதில்லை.

திரும்பும் வழியில்...

இரவு பஸ் அத்திப்பள்ளி தாண்டி, ஜுஜுவாடி எல்லையைக் கடந்தால் போர்டுகள் தமிழுக்கு மாறும். மூக்கண்டப்பள்ளியில் இறங்கும்போது இரவு ஷிப்டுக்கான கூட்டம் நிற்கும். காலையில் பார்த்த டீக்கடையில் இன்னும் விளக்கு எரியும்.

ஒரு நாள் முழுக்கப் பழைய கடைகளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, அந்த டீக்கடை வேறு மாதிரி தெரியும். எம்.டி.ஆர். 1924ல் திறந்தபோது அதுவும் ஒரு சின்னக் காபிக் கடைதான். வித்யார்த்தி பவன் சில பள்ளிப் பையன்களை நம்பித் தொடங்கிய கடைதான். அவற்றைப் பழைய கடை ஆக்கியது, கடைக்காரர் விடாமல் திறந்ததும், தெருக்காரர்கள் விடாமல் போனதும்தான்.

சிப்காட் வந்த புதிதில் திறந்த கடை இந்தத் தெருக்களில் எங்காவது தாக்குப்பிடித்து நின்றால், மிலான் கணக்குப்படி அது ‘வரலாற்றுக் கடை’ வயதை நெருங்கிக்கொண்டிருக்கும். சம்பளத் தேதி வரை நோட்டில் எழுதிவைத்து அரிசி கொடுத்த மளிகைக் கடை, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்த ஜவுளிக் கடை, மொழி தெரியாமல் வந்திறங்கிய பையனுக்கு வாடகை அறை காட்டிக்கொடுத்த டீக்கடை... ஒவ்வொரு தொழிற்பேட்டை ஊரிலும் இப்படிச் சில கடைகள் இருக்கும். வாடகை ஏறுகிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சாமான் கொண்டுவரும் ஆப்கள் வந்துவிட்டன. பத்து நிமிடத்தில் சாமான் வரும். ‘என்னப்பா, நாலு நாளா ஆளையே காணோம்?’ என்ற கேள்வி வராது.

பெங்களூரின் பழைய கடைகளை ஒரு ஞாயிறு பார்த்துவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை, உங்கள் தெருவில் வயதான கடை எது என்று தேடுங்கள். எந்த வருடம் திறந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு டீ நேரத்தில் முடியாத கதை ஒன்று கிடைக்கும்.

கிளம்பும் முன்...

* பொம்மசந்திரா (மஞ்சள்) – ஆர்.வி. ரோடு – நேஷனல் காலேஜ், சிக்பேட்டை (பச்சை) – மெஜஸ்டிக் – எம்.ஜி. ரோடு (ஊதா). ஒரு நாளுக்கு இந்த வரிசை வசதி.
* ஓட்டல்களுக்கு வார விடுமுறை உண்டு. கடைக்குக் கடை நாள் மாறும். மதியத்தில் சில மணி நேரம் மூடும் கடைகளும் உண்டு. நேரம் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.
* ஞாயிறு காலையில் கூட்டம் அதிகம். குழந்தைகள், பெரியவர்களோடு போனால் எட்டு மணிக்குள் முதல் கடைக்குப் போய்விடுவது நல்லது.
* பட்டுப் புடவை வாங்கும் திட்டம் இருந்தால் ஞாயிறு வேண்டாம். வேலை நாளில் போவதே மேல்.
* பேக்கரிச் சாமானை முதலிலேயே வாங்கிச் சுமக்காதீர்கள். ஆனால், காங்கிரஸ் கடலை மட்டும் இரண்டு பாக்கெட்டாக வாங்குங்கள். ஒன்று ஓசூர் வந்து சேராது!